டேப் இருந்தது... ஓட்டிப் பார்க்க இயந்திரம்தான் இல்லை!

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பகுதியில் ஒரு வீடு. வீட்டோடு சேர்ந்தாற்போல் கார் நிறுத்தும் கொட்டகை. அந்தக் கொட்டகையில் நாலு பெரிய இயந்திரங்கள் நின்றன. ஒவ்வொன்றும் ஆளுயரத்தைத் தாண்டிய இரும்பு பீரோ மாதிரி இருக்கும். ஓர் ஆள் தள்ளினால் அசையாது. மேலே தூசி, உள்ளே சிலந்திக் கூடு. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவை அங்கேயே நின்றன.

வேறு வீடாக இருந்தால் என்றைக்கோ பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டிருப்பார்கள். இந்த வீட்டுக்காரர் போடவில்லை. அவர் பெயர் நான்சி எவன்ஸ். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வகத்தில் பழைய பதிவுகளைப் பாதுகாக்கும் வேலையில் இருந்தவர். அந்த இயந்திரங்கள் இல்லாவிட்டால் 1,500 டேப்புகளில் அடைந்து கிடக்கும் நிலாப் படங்களை யாராலும் பார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

விதை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும். குதிரில் விதை இருந்தால் மட்டும் போதாது. அதை முளைக்க வைக்கிற வழியும் கையில் இருக்க வேண்டும்.

நிலாவைச் சுற்றிய ஐந்து விண்கலங்கள்

மனிதனை நிலாவில் இறக்குவதற்கு முன், எங்கே இறக்குவது என்று தெரிய வேண்டும். பாறையும் பள்ளமும் இல்லாத சமதரை வேண்டும். அதைப் பார்த்து வருவதற்காக 1966 ஆகஸ்ட் முதல் 1967 ஆகஸ்ட் வரை ஐந்து விண்கலங்களை நாசா அனுப்பியது. லூனார் ஆர்பிட்டர் என்று பெயர். ஐந்துமே வேலையை முடித்தன. நிலாவின் பரப்பில் 99 சதவிகிதத்தைப் படம் எடுத்துவிட்டன.

அந்தக் காலத்தில் டிஜிட்டல் கேமரா கிடையாது. விண்கலத்துக்குள் உண்மையான ஃபிலிம் சுருள் இருந்தது. படம் எடுத்ததும் ஃபிலிமை அங்கேயே கழுவி, ஒரு மெல்லிய ஒளிக்கதிரால் கோடு கோடாகத் தடவி, அந்த வெளிச்ச ஏற்ற இறக்கத்தை ரேடியோ அலையாக்கிப் பூமிக்கு அனுப்பினார்கள். கலிஃபோர்னியா, ஸ்பெயின், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று இடங்களில் இருந்த பெரிய ஆண்டெனாக்கள் அதை வாங்கின.

வாங்கியதை இரண்டு விதமாகப் பதிந்தார்கள். ஒன்று, அங்கேயே ஃபிலிமில் பதிந்து, பட்டை பட்டையாக ஒட்டிப் படமாக்கினார்கள். செய்தித்தாளில் வந்த படங்கள் அந்த வகைதான். ஒட்டிய இடமெல்லாம் கோடு தெரியும். இன்னொன்று, வந்த சிக்னலை அப்படியே இரண்டு அங்குல அகலமுள்ள காந்த டேப்பில் பதிந்து வைத்தார்கள். இந்த இரண்டாவது பதிவில்தான் வெளிச்சத்தின் நுணுக்கம் முழுசாக இருந்தது. பாலைக் காய்ச்சிப் பாதியை மோராக்கிக் குடித்தாயிற்று. ஏடு கட்டிய மீதிப் பால் பானையிலேயே இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இறங்க இடம் தேர்ந்தாயிற்று, மனிதனும் இறங்கித் திரும்பியாயிற்று. டேப்புகள் கிடங்குக்குப் போயின.

தூக்கிப் போட மனம் வராதவர்

வருடங்கள் ஓடின. கிடங்கில் இடம் அடைக்கிறதே, இந்த டேப்புகளை என்ன செய்வது என்ற கேள்வி ஒருநாள் நான்சி எவன்ஸின் மேசைக்கு வந்தது. அப்படி வரும் பழைய டேப்புகளை அழித்துவிடுவதுதான் வழக்கம். ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால், அவற்றை அழிப்பதற்கு அவருடைய மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

நிறுத்திய பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. இந்த டேப்பை ஓட்டுவதற்கு ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற இயந்திரம் வேண்டும். அது கடையில் விற்ற சாமான் அல்ல. அரசாங்கமும் ராணுவமும் பயன்படுத்திய விலை உயர்ந்த கருவி. தயாரித்ததே கொஞ்சம்தான், அதிலும் பெரும்பாலானவை கழித்துப் போடப்பட்டுவிட்டன. எவன்ஸ் விடாமல் விசாரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஃபுளோரிடா மாநிலத்து விமானப்படைத் தளம் ஒன்றில், வேண்டாம் என்று ஒதுக்கிய இயந்திரங்கள் இருப்பதாகத் தகவல் வந்தது. நாலு இயந்திரங்கள் வந்து சேர்ந்தன.

மார்க் நெல்சன் என்ற தொழில்நுட்ப வல்லுநருடன் சேர்ந்து அவற்றை ஓட்ட முயன்றார். ஓரளவு முன்னேற்றமும் கிடைத்தது. ஆனால், வேலையை முடிக்கப் பணம் வேண்டும். கேட்ட இடத்தில் எல்லாம் கை விரித்தார்கள். நிலாவுக்கு மனிதன் போய் வந்துவிட்டான், இனி அந்தப் படம் எதற்கு என்பதுதான் பதில். வேறு வழியில்லாமல் இயந்திரங்கள் அவருடைய வீட்டுக் கொட்டகைக்கு வந்தன. அவரும் பணி ஓய்வு பெற்றார். கொட்டகையில் இடம் அடைத்துக்கொண்டு நின்ற இரும்பைப் பார்த்து வீட்டுக்கு வந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. நாட்டு விதை வைத்திருக்கும் பெரியவர்களைப் பார்த்து ஊர் என்ன சொல்லுமோ, அதுவாகத்தான் இருந்திருக்கும்.

டேப் கெடவில்லை, இயந்திரம் கெட்டுவிட்டது

‘டேப்தானே கெட்டுப்போகும், இரும்பு இயந்திரம் சும்மா நின்றால் எப்படிக் கெடும்?’ என்று கேட்கத் தோன்றும். இங்கே நடந்தது நேர் எதிர். ஒழுங்காக வைத்திருந்த டேப்புகள் நாற்பது ஆண்டுக்குப் பிறகும் நல்ல நிலையிலேயே இருந்தன. இயந்திரம்தான் படுத்துவிட்டது.

காரணம் தெரிய வேண்டுமானால், இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பாட்டு கேசட்டை எல்லோரும் பார்த்திருப்போம். பிளாஸ்டிக் நாடாவின் மேல் காந்தப் பூச்சு. அது ஒரு ‘ஹெட்’ மீது உரசிக்கொண்டு போகும்போது, பூச்சில் பதிந்த காந்தம் மின்சாரமாக மாறிப் பாட்டாக வருகிறது. கேசட்டில் ஹெட் அசையாது, நாடாதான் நகரும். படத்தைப் பதிய அது போதாது. ஒரு நொடிக்குள் பதிய வேண்டிய விவரம் பல மடங்கு அதிகம். நாடாவை அத்தனை வேகமாக இழுத்தால் சுருள் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

அதற்கு ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. நாடாவை மெதுவாக நகர விட்டு, ஹெட்டைச் சுழல விட்டார்கள். ஒரு சின்னச் சக்கரத்தின் விளிம்பில் நாலு ஹெட்கள். சக்கரம் சுழலச் சுழல, நாலும் மாறி மாறி நாடாவைக் குறுக்காகக் கீறிக்கொண்டு போகும். டி.வி. நிலையங்களுக்காக வந்த அந்த முதல் இயந்திரத்தில் சக்கரம் நிமிஷத்துக்கு 14,400 சுற்று சுற்றியது. கிணற்று மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 2,880 சுற்று என்றால், அதைப்போல் ஐந்து மடங்கு. எஃப்ஆர்-900 இயந்திரமும் இந்தச் சுழலும் ஹெட் வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

இப்படிச் சுற்றுகிற ஹெட், பதிந்தபோது நாடாவில் எந்த இடத்தில் கீறியதோ, படிக்கும்போதும் அதே தடத்தில் போக வேண்டும். மயிரிழை விலகினாலும் படம் வராது, இரைச்சல்தான் வரும். சக்கரத்தின் வேகம், நாடாவின் வேகம், இழுவை எல்லாவற்றையும் நொடிக்கு நொடி கவனித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கவனிப்பு வேலையைச் செய்வதுதான் சர்க்யூட் போர்டுகள். பீரோவுக்குள் அடுக்கடுக்காகச் செருகியிருக்கும். ஒரு போர்டு மோட்டார் வேகத்தைப் பார்க்கும். ஒரு போர்டு ஹெட்டிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும். இன்னொன்று மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும். ஏர் பிடித்த ஆளும், மாடுகளும், நுகத்தடியும் ஒத்துப்போனால்தான் சால் நேராக விழும். ஒன்று பிசகினாலும் உழவு கோணிவிடும்.

போர்டில் எது முதலில் கெடும்? கண்டன்சர்தான். மோட்டாரிலும் ஃபேனிலும் இருக்கும் கண்டன்சர் நமக்குத் தெரியும். போர்டில் இருக்கும் கண்டன்சர்களில் ஒரு வகைக்குள் ஈரமான ரசாயனம் இருக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடக்கணக்கில் அது காய்ந்துபோகும். சும்மா நிற்கிற இயந்திரத்தில் இன்னும் வேறு விதத்திலும் கெடுதல் வரும். போர்டைச் செருகும் முனைகளில் களிம்பு ஏறும். சால்டரிங் வைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். ரப்பர் உருளைகள் இறுகிவிடும். ஓடாத வண்டி துருப்பிடிக்கும் என்பது இயந்திரம் எல்லாவற்றுக்கும் பொது.

மூடிய கடையில் ஒரு பட்டறை

2007-ல், இந்த நாலு இயந்திரங்களையும் தகுதியானவர்களிடம் ஒப்படைக்க எவன்ஸ் விரும்புகிறார் என்ற செய்தி டென்னிஸ் விங்கோ என்ற பொறியாளரின் கண்ணில் பட்டது. அவரும், முன்பு நாசாவில் வேலை செய்த கீத் கவ்விங் என்பவரும் போய்ப் பார்த்தார்கள். லாரி பிடித்து இயந்திரங்களையும் டேப்புகளையும் ஏற்றிக்கொண்டு, கலிஃபோர்னியாவிலேயே வடக்கில் இருக்கும் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

வைக்க இடம்? ஆய்வு மைய வளாகத்தில் மெக்டொனால்ட்ஸ் சாப்பாட்டுக் கடை ஒன்று மூடிக் கிடந்தது. அதைக் கொடுத்தார்கள். பர்கர் வாங்க வரிசையில் நின்ற இடத்தில் டேப் சுருள்கள் அடுக்கடுக்காக ஏறின. கடைப் பெயரையும் நிலாவையும் சேர்த்து ‘மெக்மூன்’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இடம் கிடைத்தது, கொஞ்சம் பணமும் கிடைத்தது. கை தேர்ந்த ஆள் வேண்டுமே? ஆம்பெக்ஸ் இயந்திரங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்து அனுபவப்பட்ட கென் ஸின் என்பவர் வந்து சேர்ந்தார். ஆம்பெக்ஸ் நிறுவனம் இருந்த ரெட்வுட் சிட்டியும் அங்கிருந்து அதிக தூரமில்லை. உதவிக்குக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். தங்கள் தாத்தா வயதுள்ள இயந்திரத்தின் முன்னால், தாத்தா வயதுள்ளவரிடம் பிள்ளைகள் வேலை கற்றுக்கொண்டார்கள்.

நாலு இயந்திரமும் ஓடாது என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது. நாலிலிருந்தும் நல்ல உறுப்புகளை எடுத்து, ஒன்றை முதலில் ஓட வைப்பது என்று முடிவானது. ஊரில் பழைய டிராக்டருக்குச் செய்கிற வேலைதான். ஆனால், போர்டுகளை மாற்றுவதில் அவசரம் கூடாது. பழைய டேப் இயந்திரங்களைச் சரி பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு இதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. அதைத் தெரிந்துகொள்வது யாருக்கும் பயன்படும்.

முதலில், எந்தப் போர்டையும் உருவுவதற்கு முன் எந்த இயந்திரம், எத்தனையாவது வரிசை என்று எழுதி ஒட்டிவிட வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு போர்டுகள் வேறு வேறு வேலை செய்யக்கூடும். இடம் மாற்றிச் செருகினால் இரண்டும் போய்விடும்.

இரண்டாவது, போர்டைத் தொடும் முன் உடம்பில் இருக்கும் நிலை மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். கம்பளியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்குமே, அந்த மின்சாரம்தான். நமக்கு அது ஒரு சுருக். நுண்ணிய பாகத்துக்கு அது இடி.

மூன்றாவது, மின்சாரம் கொடுக்கும் பகுதியை முதலில் தனியாகச் சோதிக்க வேண்டும். போர்டுகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, எத்தனை வோல்ட் வருகிறது, சீராக வருகிறதா என்று அளக்க வேண்டும். அதுவும் எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தவருக்குக் கஞ்சியில் தொடங்குவது மாதிரி. இதைச் செய்யாமல், பக்கத்து இயந்திரத்தில் இருந்த நல்ல போர்டை எடுத்துச் செருகினால், கெட்ட இயந்திரம் அந்த நல்ல போர்டையும் தின்றுவிடும். உலகத்தில் நாலே இயந்திரம் கையில் இருக்கும்போது ஒரு போர்டை இழப்பது சாதாரண நஷ்டமல்ல.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரு போர்டுதான் மாற்ற வேண்டும். மாற்றியதும் கோளாறு என்ன ஆகிறது என்று கவனிக்க வேண்டும். போர்டோடு சேர்ந்து கோளாறும் அடுத்த இயந்திரத்துக்குப் போனால், குறை போர்டில் இருக்கிறது. போர்டு மாறியும் கோளாறு அதே இடத்தில் நின்றால், குறை ஒயரிலோ செருகும் முனையிலோ இருக்கிறது. ஒரே சமயத்தில் மூன்றை மாற்றியவருக்கு, இயந்திரம் ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. மூன்று மருந்தைக் கலந்து அடித்துவிட்டு, எந்த மருந்துக்குப் பூச்சி செத்தது என்று தேடுகிறவரின் நிலைமைதான்.

ஐந்தாவது, போர்டைக் குற்றம் சொல்லும் முன் முனைகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும். களிம்பை எடுத்துவிட்டுத் திரும்பச் செருகினாலே பல ‘கெட்டுப்போன’ போர்டுகள் எழுந்து உட்காரும்.

கடைசியாக, எல்லாம் சரியான பிறகும் மூல டேப்பைப் போட்டுச் சோதிக்கக் கூடாது. போனால் திரும்பக் கிடைக்காது. வேறு ஒரு டேப்பை ஓட்டிப் பார்த்து, அது கடிபடாமல், கசங்காமல் வருகிறது என்று நிச்சயமான பிறகே மூல டேப்பில் கை வைக்க வேண்டும். மொத்த விதையையும் நாற்றங்காலில் கொட்டும் முன், ஒரு கைப்பிடியை ஈரத்துணியில் கட்டி முளைப்புப் பார்க்கிறோம் அல்லவா, அதே புத்திதான்.

நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து வந்த படம்

போர்டுகள் வேலை செய்தால் மட்டும் போதவில்லை. சுழலும் ஹெட்கள் தேய்ந்திருந்தன. அவற்றைப் புதுப்பிக்கத் தெரிந்த ஒரு சிறு நிறுவனம் கொலராடோ மாநிலத்தில் இருந்தது. அங்கே அனுப்பிப் புதுப்பித்து வாங்கினார்கள். டேப்பிலிருந்து வரும் சிக்னல் நேரடியாகப் படம் ஆகாது. ரேடியோ அலையிலிருந்து பாட்டைப் பிரிப்பது போல, அதிலிருந்து படத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலைக்கான ஏற்பாட்டையும் பழைய ஆவணங்களைப் பார்த்துச் செய்தார்கள்.

2008 நவம்பரில் முதல் படம் வெளியே வந்தது. 1966 ஆகஸ்ட் 23 அன்று லூனார் ஆர்பிட்டர்-1 எடுத்தது. கீழே நிலாவின் கரடுமுரடான தரை, அதன் விளிம்புக்கு மேலே பாதி இருட்டும் பாதி வெளிச்சமுமாகப் பூமி. நிலாவுக்குப் பக்கத்திலிருந்து பூமியைப் பார்த்து எடுத்த முதல் படம் அது. முன்பு எல்லோரும் பார்த்த கோடு போட்ட படத்தில் தெரியாத நுணுக்கங்கள் இதில் தெரிந்தன. நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அந்த வெளிச்சம் டேப்பிலேயேதான் இருந்தது.

அதற்குப் பிறகு டேப் டேப்பாக ஓட்டிக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. ஓட ஓட ஹெட் தேயும் என்பதால், ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் விலை உள்ளது. ஓர் உறுப்பு நின்றால் வேலை நிற்கும். திரும்பவும் போர்டு, திரும்பவும் தேடல். அப்படித்தான் படங்கள் ஒவ்வொன்றாக மீண்டன.

இது வெறும் நிலா விஷயம் என்று நினைக்க வேண்டியதில்லை. நிம்பஸ்-2 என்ற வானிலைச் செயற்கைக்கோள் 1966 மே மாதம் ஏவப்பட்டது. அதன் பழைய பதிவிலிருந்து அந்த ஆண்டின் பூமியை மீண்டும் படமாக்கும் வேலைக்கும் இதே குழுவினரின் திறமை உதவியது. துருவத்துப் பனியின் பரப்பைச் செயற்கைக்கோள் மூலம் இடைவிடாமல் அளந்த கணக்கு 1978-ன் கடைசியில் இருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தைய காலத்தைத் தெரிந்துகொள்ள, இப்படி மூலையில் கிடந்த பதிவுகள்தான் கை கொடுக்கின்றன. மழை மாறிவிட்டதா, வெயில் கூடிவிட்டதா என்று இன்று எல்லோரும் பேசுகிறோம். மாறியதா என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு வேண்டுமே!

காப்பாற்ற முடியாமல் போனதும் உண்டு. 1969 ஜூலையில் மனிதன் நிலாவில் கால் வைத்ததை உலகமே டி.வி-யில் பார்த்தது. நிலாவிலிருந்து நேரடியாக வந்த அந்தச் சிக்னல், டி.வி-யில் தெரிந்ததைவிடத் தெளிவானது. அதைப் பதிந்த மூல டேப்புகளை நாசா பல ஆண்டுகள் தேடியது. டேப் பற்றாக்குறை இருந்த காலத்தில், பழையதை அழித்து மேலே வேறு பதிவு செய்யும் வழக்கத்தில் அவையும் போயிருக்க வேண்டும் என்று 2009-ல் முடிவுக்கு வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. டேப்புக்குத் தட்டுப்பாடு, கையில் பழைய டேப் இருந்தது, அழித்துப் பயன்படுத்தினார்கள். அந்த இடத்தில் ஒரு நான்சி எவன்ஸ் இல்லை.

பூட்டி வைப்பது காப்பது ஆகாது

‘இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே, இனி அந்தக் கவலை எதற்கு?’ என்றும் கேட்கலாம். டேப் இன்றைக்கும் போகவில்லை. பெரிய ஆய்வு நிலையங்களும் வானிலைக் கணக்கு வைப்பவர்களும் நீண்ட காலத்துக்கு வைக்க வேண்டிய பதிவுகளை இன்னமும் டேப்பில்தான் வைக்கிறார்கள். உள்ளங்கை அளவு பெட்டிக்குள் நாடா. செலவு குறைவு, ஓடாதபோது மின்சாரம் வேண்டாம். 2000-ம் ஆண்டில் வந்த எல்டிஓ என்ற வகைதான் இப்போது அதிகம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதில் புதுத் தலைமுறை வருகிறது. ஆனால், புது இயந்திரம் அதிகபட்சம் தனக்கு முந்தைய ஒன்றிரண்டு தலைமுறை டேப்பைத்தான் படிக்கும். அதற்கும் பழையதைச் செருகினால் ஏற்காது. போர்டை நோண்டிப் பார்க்கும் வழக்கமும் குறைந்துவிட்டது. கோளாறு என்றால் டிரைவையே மொத்தமாகக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகுகிறார்கள். வேலை சுலபம்தான். ஆனால், அந்த வகை டிரைவே கிடைக்காத நாளில் என்ன செய்வது?

ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் காத்திருப்பதில்லை. பழைய இயந்திரம் நன்றாக ஓடும்போதே, பதிவுகளைப் புது டேப்புக்கு மாற்றிவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து அதிலிருந்து அடுத்ததற்கு. இது விவசாயிக்குப் புதிய பாடமில்லை. விதையை எத்தனை நன்றாகக் காய வைத்து, சாம்பல் கலந்து, வாய் கட்டி வைத்தாலும் அதன் உயிர் வருஷா வருஷம் குறைந்துகொண்டேதான் வரும். விதை வங்கிகளில்கூட முளைப்புத் திறன் குறையும்போது எடுத்து விதைத்து, புது விதை எடுத்துத் திரும்ப வைக்கிறார்கள். காப்பது என்றால் பூட்டி வைப்பது இல்லை. அவ்வப்போது எடுத்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்து, புதுப்பித்து வைப்பதுதான் காப்பது.

நம் வீட்டிலும் பதிவுகள் இருக்கின்றன. மண் பரிசோதனை அட்டை, கிணற்றுத் தண்ணீர் பரிசோதனை முடிவு, எந்தப் பட்டத்தில் எந்த ரகம் போட்டு எத்தனை மூட்டை கண்டது என்று நோட்டில் எழுதிய கணக்கு, பயிரில் வந்த நோயைப் பிடித்த செல்போன் படம், பாட்டி பாடிய நடவுப் பாட்டு இருக்கும் கேசட். செல்போன் மாறும்போது படம் போய்விடுகிறது. கேசட் இருக்கிறது, டேப் ரெக்கார்டர் இல்லை. வருஷத்தில் ஒருநாள், தைப்பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போதே இதையும் ஒழுங்கு செய்யலாம். முக்கியமானதை இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. திறந்து பார்த்து, திறக்கிறதா என்று உறுதி செய்வது அதைவிட நல்லது. கேசட் இருந்தால், ஓட்டும் கருவி யாரிடமாவது இருக்கும் இந்தக் காலத்திலேயே செல்போனுக்கு மாற்றிவிட வேண்டும்.

மோட்டார் பேனலுக்கும் இதே பேச்சுதான். போர்டு வைத்த பேனல் வாங்கும்போது, அந்தப் போர்டு தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டு வைப்பது நல்லது. கூட வந்த ஒயரிங் படத்தைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தால், எந்த மெக்கானிக் வந்தாலும் தடுமாற மாட்டார். மழைக்காலம் முழுக்க நின்ற மோட்டாரை எடுத்த எடுப்பில் போடாமல், ஒயர்மேனைக் கூப்பிட்டு ஈரக் கசிவு சோதித்த பிறகு போடலாம். பேனலைத் திறக்கும் முன் மெயினை அணைக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

எல்லாவற்றுக்கும் மேல், கை தேர்ந்த ஆள் விஷயம். எஃப்ஆர்-900 இயந்திரத்தின் போர்டுகளைத் தேடிக்கூடப் பிடித்துவிடலாம். அந்த இரைச்சலைக் காதால் கேட்டு, இது மோட்டார் குறையா, ஹெட் குறையா என்று சொல்லத் தெரிந்த மனிதரை எந்தக் கிடங்கிலும் வைத்துக் காக்க முடியாது. அவர் ஓடியாடும் காலத்திலேயே பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார வேண்டும். அந்த மூடிய கடையில் உட்கார்ந்தார்கள். அதனால்தான் வேலை முடிந்தது.

ஊரில் ஏற்றம் கட்டத் தெரிந்தவர், கமலை வடம் முறுக்கத் தெரிந்தவர், விதையைக் கையில் அள்ளி மோந்து பார்த்தே முளைக்குமா என்று சொல்பவர், பழைய ஸ்டார்ட்டருக்குக் காயில் சுற்றத் தெரிந்தவர் என்று இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த ஓய்வு நாளில் அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு நம் பிள்ளைகளை ஒரு நடை அனுப்பி வைக்கலாம். கேட்க ஆள் வந்தால் சொல்ல அவர்களுக்கும் ஆசைதான்.